செபத்தின் மற்றப் பாதி

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

மடுமாதாவின் தயவில் நாங்கள் சுகம், நீயும் அந்தப் பனிக்குள்ளே சுகமாயிருக்க அம்மா தினமும் மெழுகுதிரி கொளுத்துகிறா. என் காதுகள்தான் எட்டு நாளாகச் சுட்டபடி இருந்து நேற்றுத்தான் ஆறின.

தேர்தல் முடிந்த ஞாயிறு கோயில் வாசலில் வைத்து உன் கிறகரி மாமா, உங்கட ஆள் போன தேர்தலில கட்டித் தாறன் எண்ட இறங்குதுறை எங்கே மச்சான், கடலுக்கு அடியிலயோ என்று கேட்டார். சனம் சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சுட, அவருடைய அப்பு காலத்துக் கதை வரைக்கும் இழுத்து ஏசிவிட்டேன். நீ போனில் சொன்னாயே, ஒருவருடைய அரசியல் நம்பிக்கையை மறுத்துப் பேசினால் மூளையில் 'நான் ஆர்' என்று யோசிக்கிற இடமும் பயப்படுகிற இடமும் முழித்துக்கொள்ளுமாம், படம் பிடித்துப் பார்த்தார்களாம் என்று. உன் அப்பாவைப் பிடித்தால் படம் வெள்ளையாகத்தான் வரும் என்றா அம்மா.

எங்கள் இரண்டு பேருடைய பங்கு வள்ளம் ஏழு நாள் கரையிலேயே கிடந்தது. வித்துப்போட்டுப் பிரிவம் என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். வித்தாலும் ஒருக்கால் போய்விட்டு வாங்கோ என்று அம்மாதான் நேற்று இரண்டு பேரையும் தள்ளிவிட்டா. வலை இழுக்கமுன் அருள் நிறைந்த மரியே செபத்தின் முன்பாதி எனக்கு, பின்பாதி அவருக்கு, உனக்குத் தெரியும்தானே. என் பாதியைச் சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு பாதியையும் நானே சொல்லலாம், அது கள்ளவோட்டுப் போட்ட மாதிரி.

எஞ்சின் நின்றிருந்தது, காற்றில்லை, விடிகிற வெள்ளையில் கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. அடியில் சொறிமீன்கள் விளக்குப்போல மிதந்து போயின. நாங்கள் இருவரும் ஏதோ ஒரு பெரிய மூளைக்குள்ளே மிதக்கிறோம், என் பக்கத்தில் நீ சொன்ன அந்த மூலை மட்டும் சும்மா எரிந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. இறங்குதுறை இல்லாவிட்டால் நான் இல்லாமல் போய்விடுவேனோ? மச்சான், எங்கட ஆள் கட்டேல்லைத்தான் என்றேன். இதைச் சொல்ல எட்டு நாள்.

மாமா சிலுவை அடையாளம் போட்டார். பிறகு தன் பாதியைச் சொன்னார். ஆமென் முடிய, எண்டாலும் உங்கட ஆள் கல்லெண்டாலும் கொண்டுவந்து கொட்டினவர்தானே என்றார். உருகிப்போனேன் மகள். பதிலுக்கு அவருடைய ஆளைப் பற்றி நானும் நல்லதாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வலையைப் பிடித்து இழுத்தேன்.

ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலடியில் வழமைபோல இரண்டு குடும்பமும் ஒரே கொட்டிலில்தான், லீவு எடுத்துக்கொண்டு வந்துசேர். மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்திருக்கட்டும். காதை மூடித் தொப்பி போடு. மாமாவோடு கதைக்கும்போது இறங்குதுறையைப் பற்றி மூச்சும் விடாதே.

உன் ஆசை அப்பா,
பஸ்ரியன்
பேசாலை