முக்கால்வாசிச் சவரம்

அண்ணே,

இன்று காலை சவரம் செய்துகொள்ளும்போது தாடையைக் கீறிக்கொண்டேன். கண்ணாடிக்குக் கீழே பலகையில் நீங்கள் மறந்து விட்டுப்போன படிகாரத் துண்டு கிடந்தது. நனைத்து வைத்ததும் சுரீரென்று எரிந்தது. உங்கள் கடையின் மணம் நினைவுக்கு வந்தது. சோப்பு, தேங்காயெண்ணெய், கதவு வழியே வரும் கடல்சேறு.

கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் நேற்று எனக்குப் போட்ட மாலை தொங்குகிறது. செவ்வந்தி. ஒரே இரவில் வாடிப்போய் அறை முழுக்கப் புளித்த வாடை. எனக்கு வந்திருக்கக் கூடாத மாலை அது. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரில் அளவை வேலை படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்து, வடிகால் பிரிவில் ஓவர்சியராகச் சேர்ந்த புதிது. ஆபீஸ் சுவரில் துணியில் ஒட்டிய பெரிய ஊர்ப்படம் ஒன்று மாட்டியிருந்தது. இந்த வருடம் முதலில் முடிக்கவேண்டிய வேலைகள் என்று மேலிடம் தேர்ந்தெடுத்தவற்றுக்கெல்லாம் அதில் ஒவ்வொரு முளை, தலையில் நிறம் பூசிய ஊசி. தொடங்காத வேலைக்குச் சிவப்பு, நடக்கிற வேலைக்கு மஞ்சள், முடிந்ததற்குப் பச்சை. சனிக்கிழமை தோறும் இடத்துக்கு இடம் போய் அளந்து வந்து முளையை மாற்றிக் குத்துவது என் பொறுப்பு. எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு வெறியே இருந்தது. மஞ்சளைப் பார்த்தால் பொறுக்காது.

உங்கள் சந்தின் வடிகாலும், உங்கள் பேச்சில் லோங்காங், அதில் ஒரு முளை. சந்து கடலில் முடிகிற இடத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக உங்கள் கடை. என் அறைக்குப் பக்கம் என்பதால்தான் வந்தேன். என் தலையைப் பின்னால் சாய்த்து, கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்பீர்கள்: "நம்ம லோங்காங் இப்ப என்ன கலர்லா, தம்பி?"

மஞ்சள் என்பேன்.

"போன மாசமும் மஞ்சள்தானே. அதுக்கென்ன காமாலையா?"

பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். தொண்டையில் கத்தி இருக்கும்போது அதிகாரத் தோரணை காட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேலை இன்ன நீளம் ஆகியிருக்கிறது என்று சொல்வேன். நீளத்தைக் கேட்டு என்னய்யா செய்வது, இது என்ன வேட்டியா என்பார் எதிர்வீட்டுக் கயிற்றுக்கடை பாய்.

எங்கள் கணக்கு நீளக் கணக்குதான். ஒப்பந்தக்காரர் சந்தின் மேல் முனையில் தொடங்கியிருந்தார். அங்கே காய்ந்த மணல், வெட்ட வெட்ட நீளம் ஏறும். கடல் முனையில் சேறு. ஒரு கடல் பெருக்கு வந்தால் முதல் நாள் வெட்டியது மூடிக்கொள்ளும். தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்துதான் வடிகாலை வெட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது எங்கள் படிப்பில் முதல் பாடம். நான் சேர்வதற்கு முன்பே மேலே தொடங்கியாகிவிட்டது. ஒருமுறை எடுத்துச் சொன்னேன். நீளம் ஏறுகிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேல் நானும் பேசவில்லை.

பிறகு அந்த மழை. கடலில் பெருக்கு நேரம். முன்பெல்லாம் நாலா பக்கமும் பரவிப்போன மேல்தெருத் தண்ணீர் முழுவதையும் எங்கள் புது வடிகால் அழகாகச் சேர்த்துக்கொண்டு வந்து, வெட்டாமல் நின்ற இடத்தில், உங்கள் சந்தின் அடியில் கொட்டியது. பாயின் கயிற்றுச் சுருள்கள் ஊறிக் கனத்துப்போயின. ரிக்‌ஷாக்காரர்கள் தங்கும் வீட்டில் கோரைப்பாயும் தலையணையும் மிதந்தன. வரிசை வீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு சாப்பாட்டு மேசை மேல் நின்றிருந்தாள். உங்கள் நாற்காலி உட்காருமிடம் வரை சாக்கடைத் தண்ணீர்.

மறுநாள் காலை அளவெடுக்க வந்தவன், வழக்கம்போல் வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். சேற்றை வழித்திருந்தீர்கள், தரை இன்னும் ஈரம். வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பாய் கேட்டார். கண்ணை மூடியபடி, முக்கால்வாசி முடிந்தது என்றேன். பொய் இல்லை. நாடா பிடித்து அளந்த கணக்கு.

நீங்கள் வேலையைத் தொடர்ந்தீர்கள். வலது கன்னம், மோவாய், மேலுதடு எல்லாம் வழித்தீர்கள். பிறகு கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என் கழுத்துத் துணியை உருவினீர்கள்.

"எழுந்திருங்க தம்பி. ஆச்சு."

இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். நுரை அப்படியே இருந்தது.

"முக்கால்வாசி முடிஞ்சது. மீதிக்கு மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், பதில் வரணும். அதுவரைக்கும் நீங்க மஞ்சள்."

பெஞ்சே குலுங்கியது. தமிழ் தெரியாத சீன ரிக்‌ஷாக்காரர்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உட்காருங்கள், முடித்துவிடுகிறேன் என்று நீங்களும் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தீர்கள். எனக்குத்தான் வீம்பு. நுரையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அப்படியே ஆபீசுக்கு நடந்தேன்.

இஞ்சினியர் துரை என்ன கோலம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று என் அறிக்கையில், நீளத்தில் முக்கால்வாசி, தண்ணீர் போவதில் ஒன்றுமில்லை என்று எழுதி, உங்கள் சந்தின் முளையைப் பிடுங்கிச் சிவப்பைக் குத்தினேன். நடந்துகொண்டிருக்கும் வேலைக்குச் சிவப்பா என்று ஆபீஸ் முழுக்க வந்து பார்த்தது. துரை அந்த வேலையின் கோப்பை வரவழைத்தார்.

கோப்பைப் பிரித்ததும் கடல் முனைக்கு வேலை வராமல் நின்ற காரணம் தெரிந்தது. ஒப்புதலான வரைபடத்தில் வடிகால் நேர்கோடாகக் கடலுக்குப் போகிறது. அந்தக் கோட்டின் மேல் உங்கள் கடை. வரைந்த காலத்தில் அங்கே கடை இல்லை. கடையை என்ன செய்வது என்று ஒப்பந்தக்காரர் கேட்டிருக்கிறார், யாரும் பதில் எழுதவில்லை. இரண்டு வழிதான் இருந்தது. கடையைச் சுற்றி வடிகாலை வளைக்கலாம். ஆனால் வரைபடம் மாறினால் புதிதாக ஒப்புதல் வாங்கவேண்டும், முதல் வரிசையில் இருந்த வேலை கடைசிக்குப் போய் நிற்கும். எங்கள் ஆபீசின் முறை அது. இல்லையென்றால் நேராக வெட்டவேண்டும். கடைக்காரனிடம் பேசிவிட்டு வந்து சொல் என்றார் துரை.

அன்று சாயங்காலமே வந்தேன். நீங்கள் தோல்வாரில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தீர்கள். பாயும் இருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இதமாகச் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை.

தீட்டுவதை நிறுத்தாமல் கேட்டீர்கள்.

"சுத்திக்கிட்டுப் போனா இன்னும் எத்தனை மழை?"

"ஒன்னு நிச்சயம். ரெண்டும் ஆகலாம்."

"நேராப் போனா?"

"அடுத்த மழைக்குள்ள முடிஞ்சிடும்."

"எனக்கு வேற இடம் தருவாங்களா?"

"தர மாட்டாங்க. உங்களுக்கு இருக்கறது தற்காலிக அனுமதி. எப்ப வேணும்னாலும் எடுக்கச் சொல்லலாம்."

"ஏன் தம்பி," என்றார் பாய், "நாக்குல கொஞ்சம் எண்ணெய் தடவிக்கிட்டு வரக்கூடாதா?"

"விடுங்க பாய். இவரு ஒருத்தர்தான் உள்ளதைச் சொல்றாரு." நீங்கள் வாசல் வழியே சந்தைப் பார்த்தீர்கள். அந்த வரிசை வீட்டுப் பெண் நனைந்த மெத்தையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே போட்டுத் தடியால் தட்டிக்கொண்டிருந்தாள். ஈரப் பஞ்சு சத்தமே எழுப்பவில்லை. பிறகு என்னிடம், "உட்காருங்க. அந்தக் கால்வாசியை முடிச்சு விடறேன். அதைப் பார்த்துக்கிட்டு எனக்குப் பேச்சே வரல" என்றீர்கள்.

சோப்பைக் குழைத்துப் பூசி, வழித்து, துடைத்துவிட்ட பிறகு சொன்னீர்கள்:

"நேராவே வெட்டுங்க. கோணல் வகிடு எனக்கே ஆகாது."

அண்ணே, அந்த நிமிடம் எனக்கு வந்தது நிம்மதி. நீங்கள் எங்கே போவீர்கள் என்று தோன்றுவதற்கு முன்பே, எந்தச் சனிக்கிழமை பச்சை குத்தலாம் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருக்கலாம். கண்ணாடியில் என் முகம் உங்களுக்கு நேராகத்தான் இருந்தது.

கண்ணாடியை நீங்களே கழற்றினீர்கள். பலகைகளை அடுக்கி ரிக்‌ஷாக்காரர்களுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டீர்கள். வடிகால் சொன்னபடி முடிந்தது. பச்சை குத்தினேன். அடுத்த மழையில் சந்தில் தண்ணீர் நிற்கவே இல்லை. நீங்கள் பாயின் கடைவாசல் அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்தக் கூரையிட்ட நடைவழியில், நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். நடக்கிறவர்களின் குடை உங்கள் முழங்கையில் இடிக்கும். சாரல் அடித்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடவேண்டும். இருந்தாலும் கூட்டம் வந்தது.

அடுத்த வருடம் புது வேலைகளின் பட்டியல் வந்தது. தலைப்பிலேயே நின்றது, அஞ்சடிகளில் அடைத்துக்கொண்டிருக்கும் பொருள்களையும் ஆட்களையும் அகற்றி நடைவழியைத் திறப்பது. முளையைக் குத்தவேண்டியவன் நான். துரையிடம் போய் ஒரு நாற்காலிக்கு மட்டும் விலக்குக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. நீயாக இருந்தால் ஒரு நாற்காலியை விட்டுவிட்டு அடுத்த கடையின் மூட்டையை எடுக்கச் சொல்வாயா என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மற்றவர்கள் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லவேண்டும் என்று வந்தேன். கேட்டுவிட்டு, "இப்ப நான் சிவப்பா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். "அப்ப சீக்கிரம் பச்சை ஆயிடுவேன்லா." நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். பாய் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு தகரப்பெட்டி ஒன்றில் கத்தியும் கிண்ணமும் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வருவீர்கள். மாடி ஏறிவந்து மூச்சு வாங்கும். கால் வீங்கியிருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டால், சந்து இப்போது காய்ந்து கிடப்பதால் நடக்கச் சுகமாக இருக்கிறது என்பீர்கள். குத்திக்காட்டுகிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். அப்படி எதுவும் அதில் இருக்காது. அதுதான் எனக்குத் தாங்காது.

கடைசி ஞாயிறு உங்கள் கை நடுங்கி என் கன்னத்தில் ஒரு கீறல். உங்கள் தொழிலில் நான் கண்ட ஒரே கீறல். படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு, "வயசாயிடுச்சு தம்பி" என்றீர்கள். அப்போதுதான் அதை இங்கே விட்டுப்போனீர்கள். பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி. பாயும் நானும் ரிக்‌ஷாக்காரர்களும்தான் உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனோம். ஊரில் இருக்கும் உங்கள் தங்கைக்குப் பாய் எழுதிப் போட்டார்.

நேற்றுச் சந்து வாசலில் பந்தல் போட்டார்கள். இந்த வருட மழையும் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வராமல் போய்விட்டதாம், அதற்கு நன்றி சொல்லும் கூட்டம். என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி மாலை போட்டார்கள். சிவப்பு முளை குத்திய துணிச்சல்காரன் என்று ஒருவர் பேசினார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? நான் சொல்லிவிட்டேன். இந்த மாலை என்னுடையது அல்ல, இந்த வடிகால் போகிற இடத்தில் ஒருவர் கடை இருந்தது, அவர் எழுந்துகொண்டதால் தண்ணீர் போகிறது, அவரை அஞ்சடியிலிருந்தும் எழுப்பியவர்கள் நாங்கள் என்று முதலிலிருந்து சொன்னேன். முக்கால்வாசிச் சவரத்தையும் சொன்னேன். அதற்குச் சிரித்தார்கள். முடித்தபோது பலமாகக் கை தட்டினார்கள். வேலையைவிட இந்தத் தம்பியின் அடக்கம் பெரிது என்றார் தலைவர். அடக்கம் இல்லை, நடந்தது என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பாய் மட்டும் தட்டவில்லை. காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்து நன்றாகிவிட்டதால் புதிதாக நிறையப் பேர் குடிவந்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்தபின் அவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நல்ல மனதோடு கேட்டார்: "இங்க முடிவெட்டற கடையா இருந்துச்சு? எந்தப் பக்கம்ணே?" கையைக் காட்டினேன். அங்கே சிமெண்டும் அதில் ஓடுகிற தண்ணீரும்தான் இருந்தது. நல்ல சரிவு. ஒரு இலைகூடத் தங்காமல் போய்க்கொண்டிருந்தது.

மாலையை அங்கேயே உங்களுக்கு வைத்துவிட்டு வரலாம் என்றுதான் நடந்தேன். மாட்ட ஒரு சுவர் இல்லை, ஒரு ஆணி இல்லை. தண்ணீரில் விடலாமா என்று குனிந்தேன். கடல் முனையில் கம்பி வலை போட்டிருக்கிறோம். மாலை போய் அதில் சிக்கினால் பின்னால் வரும் குப்பையெல்லாம் அடைத்துக்கொள்ளும், மறுபடி தண்ணீர் ஏறும். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடியில் பார்க்கிறேன். நானே செய்துகொள்வதால் இடது தாடைக்குக் கீழே ஒரு திட்டு எப்போதும் விட்டுப்போகிறது, எனக்குக் கை எட்டுவதில்லை. இன்றும் விட்டுப்போயிருக்கிறது. படிகாரத்தைத் துடைத்துப் பலகையில் வைத்துவிட்டேன். திட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன் அண்ணே. துரை கேட்டால், வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்வேன்.