ஆமைத் தபால்காரனின் கடைசிப் பகுதி

என் செல்லமே, செல்வி,

செம்பூரிலிருந்து நம் பஸ் இப்போதும் அதே கூட்டத்தோடுதான் கிளம்புகிறது. இயர்போனில் ஒன்றை மட்டும் காதில் வைத்துக்கொள்கிறேன். மற்றது மடியில் கிடக்கிறது. அது உன்னுடையதுடி.

போனில் நம் கார்ட்டூன் பார்ப்பதற்கு ஆபீசில் கிண்டல் நிற்கவில்லை. "கார்ட்டூனா? அதெல்லாம் பச்சா லோக், சின்னப் பசங்க பாக்கறது!" நீ சொல்வாயே, "சினிமால அம்மா செத்தாக்கூட எனக்கு அழுகை வராதுட்டி, இந்த ஆமை மழைக்கு ஒதுங்குனா வந்துருது" என்று. அது ஏன் அப்படி?

ஒரே ஒரு கடிதத்தோடு, மலைமேல் இருக்கும் கொக்கைத் தேடி நடக்கும் ஆமைத் தபால்காரன். அவனுக்காக நாம் இரண்டு சட்டம் போட்டிருந்தோம். ஒருத்தி அழுதால் மற்றவள் முகத்தைப் பார்க்காமல் கர்சீப்பை நீட்ட வேண்டும். ஒருத்தியை விட்டு ஒருத்தி பார்க்கவே கூடாது.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடைசிப் பகுதி வந்தது. பொறுக்க மாட்டாமல் நான் தனியாகப் பார்த்துவிட்டேன். மறுநாளே கண்டுபிடித்துவிட்டாய்.

"கண்ணு வீங்கிருக்கு. நீ பாத்துட்டல்லா? முடிவ சொல்லுட்டி."

"சத்தியமா பாக்கலடி. நீ வீட்டுக்கு வா, சேர்ந்து பாக்கலாம்."

"ஆமை போய்ச் சேந்துருச்சான்னு மட்டுமாவது சொல்லு."

நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

ஆமை போய்ச் சேர்ந்ததுடி. கூடு காலி. கொக்கு அதற்கு முன்பே இறந்துபோயிருந்தது. உன் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது இதை எந்த வாயால் சொல்வேன்? ஆனால் நீ கேட்டாயே. உன்னால் தாங்க முடியாது என்று தீர்மானிக்க நான் யார்? பாவி நான்.

மீதியையும் கேள். ஆமை திரும்பிப் போகவில்லை. காலிக் கூட்டின் எதிரில் உட்கார்ந்து, கடிதத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தது. அவ்வளவுதான் முடிவு.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எது வந்தாலும் "நீயே வாசிச்சு காட்டுட்டி" என்று போனை என்னிடம் நீட்டுவாய். உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலை தாராவிக்கு வருகிறேன். உன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை முழுக்க வாசிக்கிறேன், பொய் சொன்ன இடத்தையும் விடாமல். நடுவில் என் குரல் நின்றுபோனால், என் முகத்தைப் பார்க்காதே.

உன் கூடப்பிறக்காத சகோதரி,
வைதேகி, மாட்டுங்கா