மஞ்சள் ஒட்டிய குப்பி

அக்கா,

தென்காசியில் இன்று எனக்கு ஊசி போட்ட பெண், காலிக் குப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூடையில் எறிந்தாள். ஸ்பிரிட் வாசனையோடு உங்கள் நினைப்பு வந்து, வீடு வரைக்கும் கூடவே நடந்தது.

அப்போது எங்கள் சுந்தரபாண்டியபுரத்துக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவீர்கள். என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புற்று. மதுரையில் கைவிரித்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அந்த வலிக்கு மருந்து தர எங்கள் பக்கத்தில் ஆளே இல்லை. தென்காசியில் ஒரே ஒரு டாக்டர் தந்தார். அவரிடம் நர்ஸாக இருந்த நீங்கள் தினம் ஒரு குப்பி கொண்டுவந்து ஊசி போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளியும், இரண்டு வாய் கஞ்சி குடிப்பார்.

கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. பால்காரர் அளக்கும்போது படிக்குள் விரல் இருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பி மருந்தை ஏற்றுகிறீர்கள்? அதன் பெயரை ஏன் சொல்வதில்லை? காலிக் குப்பியை எதற்குக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போகிறீர்கள்? மத்தியானம் வலி திரும்பும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்வேன், நல்லபடியாக அல்ல. குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்த என் மதினி, "அது அபின்ல செய்த மருந்துட்டி. பாதிய வித்துட்டுப் பச்சத்தண்ணிய ஊத்துதாளோ என்னமோ" என்றாள். எனக்கு அது போதும்.

ஒருநாள் நீங்கள் கிணற்றடியில் கை கழுவும்போது முடிச்சை அவிழ்த்துக் குப்பியை எடுத்தேன். மஞ்சள்பொடி டப்பாவுக்குள் புதைத்தேன். செங்கோட்டையில் கம்பவுண்டராக இருந்த என் அண்ணனிடம் காட்டி, உங்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதாக எண்ணம்.

மறுநாள் வெறுங்கையோடு வந்தீர்கள். "தாயி, நேத்துக் குப்பி இங்கன கெடந்துதா? காலியக் காட்டினாத்தான் டாக்டர் அடுத்தது தருவாரு. அந்த மருந்துக்குச் சட்டம் அப்படி."

"இங்கன ஒண்ணும் கெடக்கல."

மண்டியிட்டுக் கட்டிலடியில் தேடினீர்கள். பிறகு முற்றத்துக்குப் போய் மூலை மூலையாகத் தேடிக்கொண்டே இருந்தீர்கள். அவர் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தார். "ஏட்டி, அந்தம்மா ஏன் ஊசி போட மாட்டேங்கா?" என்று கேட்டார். அவர் காதருகே குனிந்து, "வித்துட்டாளோ என்னமோ" என்றேன்.

மத்தியானம் வரை பிடிவாதமாக இருந்தேன். அதற்குமேல் அவர் முனகலைக் கேட்க முடியவில்லை. குப்பியை எடுத்துவந்து, "உரலுக்கு அடியில கெடந்துது அக்கா" என்று நீட்டினேன். கழுவ மறந்திருந்தேன். ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தீர்கள்.

"உருண்டு போயிருக்கும். ரெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சா வெளக்கு வைக்கதுக்குள்ள வந்துருவேன்" என்று ஓடினீர்கள். சொன்னபடி வந்தீர்கள்.

இன்னும் ஒரு மாதம் அவர் இருந்தார். நீங்கள் ஒருநாளும் தவறவில்லை. ஆனால் உங்களைக் கண்டாலே அவர் கையை மட்டும் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வலியில அவுகளுக்குப் பேச முடியல தாயி" என்று நீங்கள்தான் எனக்குச் சமாதானம் சொன்னீர்கள். அப்போதாவது அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

நீங்கள் இறந்துபோனதைப் போன மாதம்தான் கேள்விப்பட்டேன். உங்களிடமும் நான் சொன்னதில்லை. மஞ்சளைப் பார்த்தே தெரிந்துகொண்டவருக்கு எதற்குச் சொல்வது என்று தள்ளிப்போட்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். அவருக்குத்தான் கடைசிவரை தெரியாது. உங்களைத் திருடி என்று நினைத்துக்கொண்டே போனார், அக்கா. திருடினவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.