பதினோரு மாற்றுச் சொற்கள்

சான் பெத்ரோ சூலா,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் கொண்ட மச்சான் ஒல்வின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை துனியாவின் புருஷன் சவூல் எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் சுகம். சலூனில் ஒரு நாற்காலி உடைந்துவிட்டது, மற்றபடி தலைகளுக்குக் குறைவில்லை. ஹூஸ்டன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் கத்திரியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய மூன்று வரி வந்து சேர்ந்தது. கப்பல் வேலையில் கயிறு சிக்கி அறுத்துக்கொண்டுபோன காலுக்குப் பதிலாக அவர்கள் கொடுத்த செயற்கைக் காலை மாட்டப் போவதில்லை என்றும், இனி உங்களுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் துனியாவிடம் இன்னும் காட்டவில்லை. சவரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குப் பதில் எழுதுமுன் உங்கள் தங்கை செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

அவள் கால் சென்டருக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் யார் வீட்டு பாய்லர் கெட்டாலும் இவள்தான் இங்கிருந்து பதில் சொல்கிறாள். ஒவ்வொரு அழைப்பையும் ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எல்லாப் பேச்சையும் பதிவு செய்து மார்க் போடுகிறார்கள். மூன்று பூஜ்யம் வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே 'ஹோல்ட் ஆன்' என்ற சொல்லுக்குத் தடை. வாடிக்கையாளரை அதட்டுவது போல இருக்கிறதாம். அதற்குப் பதிலாகப் பதினோரு மரியாதையான சொற்றொடர்களை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 'ஒரு நிமிடம், தயவுசெய்து', 'சற்றே பொறுத்தருளுங்கள்', 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இப்படியே போகிறது.

அந்தத் தாளை அவள் அடுப்படிச் சுவரில், பீன்ஸ் சட்டிக்கு மேலே ஒட்டி வைத்தாள். பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம். சவரம் செய்யும்போது சொல்லிப் பழகினேன். “கத்தியக் கழுத்துல வெச்சுக்கிட்டு 'பொறுத்தருளுங்கள்'னு சொல்லாத சவூல்,” என்றார் பஸ்காரர் ஒருவர்.

ஆனால் உங்கள் தங்கை வாயிலிருந்து அந்தத் தடைச் சொல் போகவே இல்லை. அதனாலேயே இரண்டு பூஜ்யம் வாங்கினாள். பெரிய அகராதியைப் பார்த்து, தாளின் அடியில் பென்சிலால் அதன் பொருள்களை எழுதி வைத்தாள்: காத்திரு. இறுக்கிப் பிடி. கைவிடாதே. தளராதே. ஒரு சொல்லுக்கு நாலு வேலையா, எனக்கே ஒரு வேலைதானே என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. “மேல இருக்கிற பதினொண்ணும் முதல் வேலையத்தாங்க செய்யுது. மத்த மூணுக்கு ஆளே இல்ல,” என்றாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை. ஹோபர்ட் என்று எழுபத்தாறு வயதுக்காரர், வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். பாய்லர் தலையில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள் இவள். மனுஷர் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்திருக்கிறார். தடால். இடுப்பு முறிந்து சிமெண்ட் தரையில் கிடக்கிறார். போன் காதுக்கு எட்டும் தூரம், கைக்கு எட்டாது. மனைவி வெளியே போயிருந்தார், வீட்டில் வேறு யாரும் இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண் கெய்டியிடம் முகவரியைக் கிறுக்கிக் கொடுத்து, அந்த ஊர் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிவிட்டு இவள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். வெளியே பனி, வண்டி வந்து சேர நாற்பத்தேழு நிமிடம். அவர் கண்ணை மூடாமலிருக்க என் வழுக்கையைப் பற்றி, பலேயாதா ரொட்டி தட்டும் விதத்தைப் பற்றி, ஒன்பது வயதில் உங்கள் மோட்டார் சைக்கிளில் துறைமுகச் சாலையில் போனதைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறாள். கப்பலில் கற்று வந்த அந்த 'ஹோல்ட் ஆன்' என்ற சொல்லை நீங்கள் பள்ளம் வரும்போதெல்லாம் கத்துவீர்களாமே. அவள் கற்ற முதல் இங்கிலீஷ் அதுதானாம். அன்று ஹோபர்ட்டிடம் அதைப் பதினான்கு முறை சொல்லியிருக்கிறாள். எண்ணியது நான் இல்லை, மார்க் போடுகிறவர்கள்.

மூன்றாவது பூஜ்யம். வெள்ளிக்கிழமை விசாரணை. பலேயாதா பொட்டலத்தோடு நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே நடந்ததைக் கெய்டிதான் பிறகு சொன்னாள். மேலாளர் சல்திவார் பதிவைப் போட்டிருக்கிறார். முப்பதாவது நிமிடத்தில் அந்தக் கிழவர், “போதும்மா, நான் தூங்கிடறேன்,” என்கிறார். இவள் ஹோல்ட் ஆன், ஹோல்ட் ஆன் என்கிறாள். சல்திவார் அதோடு நிறுத்திவிட்டார். மூன்று தவறு எழுதிய காகிதத்தை நீட்டி, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும் என்றார். அதிக நேரம், ஒப்புக்கொண்டாள். சொந்தக் கதை, அதையும் ஒப்புக்கொண்டாள். மூன்றாவது, தடைச் சொல். பேனாவை மூடிவிட்டாள்.

“அது மட்டும் தப்பு இல்ல சார். நீங்க குடுத்த பதினொண்ணும் 'காத்திருங்க'ன்னு சொல்லுது. அந்த மனுஷன் சும்மா காத்துக் கெடந்தா செத்திருப்பாரு. விடாம இருக்கணும்னு சொல்ல எனக்கு வேற வார்த்தை தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, பன்னெண்டாவதா எழுதிக்கறேன்.”

நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டு, நாலாவது இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். சல்திவார் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். பிறகு மூன்றாவது வரியைத் தன் பேனாவால் அடித்துவிட்டு, மார்க்கைத் திருத்தினார். நூற்றுக்கு ஒன்று. ஒன்று என்றால் பூஜ்யம் இல்லையே. இன்றும் வேலைக்குப் போயிருக்கிறாள். ஹோபர்ட் ஊன்றுகோலோடு நடக்கிறாராம், அவர் மனைவி கூப்பிட்டுச் சொன்னார்.

இவளைக் கட்டியது என் பாக்கியம் மச்சான். பதினாறு வருஷத்தில் இதை அவளிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இனி உங்கள் மூன்று வரிக்கு வருகிறேன். காத்திருக்க வேண்டாம் என்று எழுதினீர்கள். சரி, நாங்கள் காத்திருக்கவில்லை. பிடித்துக்கொண்டிருக்கிறோம். இன்று மாலை அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கப் போகிறேன், அவளிடம் மறைத்தது தப்பு. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு உங்கள் படுக்கையருகே போன் அடிக்கும். அவள் என்ன சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். எத்தனை நிமிடம் பேசினாலும் இங்கே மார்க் போட ஆளில்லை. சுயாப்பா மாதா உங்களுக்குத் துணை நிற்கட்டும். அந்தக் காலை மாட்டிக்கொண்டு, போனை எடுங்கள்.

உங்கள் பதில் அல்ல, உங்கள் குரல் வேண்டும்,
சவூல்