நீ நிரப்பாத கடைசிக் கோடு

இன்று காலை ஆய்வுகூட அலுமாரியைத் திறந்தேன். ஸ்பிரிட் மணத்தோடு உன் பால்மா டின் முன்னால் நின்றது. மூடியில் உன் கையெழுத்து: "வருச முடிவு வரைக்கும் ஒருத்தரும் திறக்கப்படாது." இரண்டாம் தவணைத் தாள்களைத் திருத்திக் கொடுத்து முடித்திருந்தேன். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில், புள்ளிகள் கொடுத்த அன்றே நீ பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் நீட்டுவாய். எது விளங்கியது, எது விளங்கவில்லை, எதற்குப் பயம், வருட முடிவுக்குள் என்ன செய்வாய் என்று நாலு கேள்விகள். நம் பிள்ளைகளைத்தான் தெரியுமே! 'தொண்ணூறு எடுப்பேன், இன்ஷா அல்லாஹ்' என்று எழுதிப் பேனையை மூடிவிடுவார்கள். நீ விடமாட்டாய்.

"இன்ஷா அல்லாஹ் எண்டது நல்லம் புள்ள. அதுக்கு மறுகா, நாளைக்குக் காலையில என்ன செய்யப்போறாய்? அதையும் எழுது."

அதற்கென்றே தாளின் அடியில் ஒரு கோடு போட்டிருப்பாய். 'விடியச் சுபஹு தொழுதிட்டு மின்சுற்றுப் படத்த மூணு தரம் கீறுவன்' என்று ஒருத்தி எழுதியதை நீ ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லித் திரிந்தது நினைவிருக்கிறது. படிப்பிக்கிறவரும் ஒரு தாள் எழுதி டின்னில் போட வேண்டும் என்பதும் உன் சட்டம்தான்.

அந்த வருட முடிவில் டின்னைத் திறக்க நீ உயிரோடு இல்லை. நான்தான் திறந்தேன். பிள்ளைகள் அவரவர் தாளை எடுத்துக்கொண்டு போன பிறகு அடியில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. எதற்குப் பயம் என்ற இடத்தில், 'மார்பில் உள்ள கட்டிக்கு' என்று எழுதியிருந்தாய். என்ன செய்வாய் என்ற இடத்தில், 'டாக்டரிடம் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.' அடியில் இருந்த கோடு வெறுமையாய்க் கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான். தினமும் ஒரே மேசையில் சோற்றுப் பொதியை அவிழ்த்தோமே, ஒரு வார்த்தை கதைத்திருக்கக் கூடாதா? முகம் வாடியிருக்கிறது என்று நான் கேட்டபோதெல்லாம், "களைப்புத்தான் கா. பெருநாள் முடியட்டும், காட்டுறன்" என்றாய். பெருநாள் முடிந்தது. "வேளாண்ம வெட்டி முடியட்டும்" என்றாய். வயல் வெட்டி முடிந்தபோது நோய் உடம்பெல்லாம் பரவியிருந்தது. கெட்டிக்காரி நீ, 'நாளைக்குக் காலையில என்ன' என்ற கேள்வியை உன்னிடம் மட்டும் கேட்கத் தெரியவில்லை.

உன்னை ஏசிக்கொண்டே இருந்தேன், மூன்று கிழமைக்கு முன்பு வரை. குளிக்கும்போது மார்பில் என் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. பயறளவுதான். யா அல்லாஹ், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தொழுகையில் எத்தனை ரக்அத் என்று தடுமாறுகிறேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தாள் திருத்தி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருடைய குரல் அது என்று உனக்குத் தெரியும்.

இன்று பிள்ளைகள் எழுதினார்கள். நான் மேசையில் சும்மா இருந்தேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க எழுதல்லையா?"

"எழுதுறன், எழுதுறன்" என்று ஒரு தாளை இழுத்தேன். பயம் எதற்கு என்று எழுதினேன். டாக்டரிடம் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ் என்று எழுதினேன். நான்காக மடிக்கப் போனேன். தாள் சேர்க்க வந்தவள் அதே பிள்ளைதான். எழுதியதைக் கையால் மறைத்தேன், அடிப்பக்கம் மட்டும் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"கடைசிக் கோட்டுல ஒண்டும் இல்லையே டீச்சர். நாளைக்குக் காலையில என்ன செய்யப்போறீங்க?"

வகுப்பே என்னைப் பார்த்தது. பேனையை எடுத்து எழுதினேன்: 'காலை எட்டு மணி, ஆஸ்பத்திரி. தங்கச்சியோடு.' மதியம் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். தங்கச்சியிடம் சொன்னபோது அவள் அழுதாள். நானும் அழுதேன்.

என் தாள் டின்னுக்குள் இருக்கிறது. வருட முடிவில் அதைத் திறப்பது நானாகவே இருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். இத்தனை நாள் டின்னின் அடியிலேயே கிடந்த உன் தாளை இன்று நான் திரும்பப் போடவில்லை, கைப்பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வரிசையில் இருக்கும்போது எழும்பி ஓடத் தோன்றும், என்னை எனக்குத் தெரியும். அப்போது அதை விரித்து, நீ வெறுமையாய் விட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டு என் பெயரைக் கூப்பிடும் வரை இருப்பேன்.