மின்னல் மரகதத்தின் கையெழுத்து

ஜூன் 9, திங்கள். காலையிலேயே வெயில்.

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: இன்று காலை ஆறு இருபதுக்கு அடியேனின் இடது செருப்பு, ஒரகடம் கம்பெனி பஸ் ஒன்றின் சக்கரத்தில் சிக்கி வீரமரணம். வலது செருப்பு ஆழ்ந்த துயரத்தில். மலர்வளையம் வேண்டாம், புது ஜோடி போதும்.

அடுத்த செய்தி. அப்பா வேலை செய்யும் லாயத்தில் பேர் வைக்கும் படலம். உதிரிபாகக் கம்பெனிக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகை, பதினாலு பந்தயக் குதிரைகள். ஷிப்ட் சைரன் அடித்தால் பதினாலும் ஒன்றாகக் காதைத் தூக்கும். அப்பா அங்கே சைஸ், அதாவது குதிரைக்காரர். குளிப்பாட்ட, நடத்த, கொள்ளு வைக்க, லத்தி அள்ள. அவர் பார்க்கும் இரண்டு வயதுப் பெண்குதிரைக்கு இன்னும் பேர் இல்லை. பேர் வைக்கும்வரை தாயின் பேரைச் சொல்லி ‘அதோட குட்டி’ என்பதுதான் வழக்கம். மாதக் கடைசிக்குள் ரேஸ் ஆபீசில் பேர் பதியாவிட்டால் இந்த சீசன் ஓட முடியாதாம். ஓடாத குதிரைக்கு சைஸ் எதற்கு? அப்பா சொல்லவில்லை, நானே கணக்குப் போட்டேன்.

மேனேஜர்: “சைஸ் புள்ள, வாய் கிழியப் பேசறியே, ஒரு பேரு சொல்லு பார்ப்போம்.”

சொன்னேன். ஓவர்டைம். லேட் பாஸ். நோ இன்க்ரிமென்ட். மேனேஜர் சிரிக்கவில்லை. மூன்றாவதில் அவருக்கே வலித்திருக்கும்.

ஜூன் 11, புதன். புழுக்கம்.

சட்டதிட்டங்கள் தெரிந்துகொண்டேன்:
- ஆங்கிலத்தில் பதினெட்டு எழுத்துக்கு மேல் கூடாது. நடுவில் விடும் இடமும் சேர்த்தி.
- ஆபாசம் கூடாது. கம்பெனி விளம்பரம் கூடாது.
- பெரிய பந்தயம் ஜெயித்த பழைய குதிரையின் பேர் கூடாது.
- பிரபலமானவர் பேர் வைக்கலாம். உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும், சாட்சியோடு.

ஒரு குதிரைக்கு மனிதன் பேரை வைக்க இத்தனை அனுமதி. என் அப்பா ஏழுமலை என்கிற மனிதனைப் பத்தொன்பது வருஷமாக ‘சைஸ்’ என்று கூப்பிட யாரிடம் அனுமதி வாங்கினார்கள்?

நிற்க. என் மூளையில் பல்பு எரிந்தது. மின்னல் மரகதம்! மாநில டீமில் கபடி ஆடியவர். சுங்குவார்சத்திரத்தில் வீடு, இப்போது பள்ளிப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறார். ஒரு காலத்தில் இந்த ரோட்டில் அவர் போட்டோ இல்லாத டீக்கடை கிடையாது. ஆங்கிலத்தில் எண்ணினேன், பதினேழு. ஓர் எழுத்து லாபம்.

முதலாளிக்குப் போனிலேயே பிடித்துவிட்டது. கையெழுத்து யார் வாங்குவது? அப்பா தலையைச் சொறிந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“உன்னால முடியுமாடா?”

“அந்தம்மா கையெழுத்தோட காபியும் வாங்கினு வரேன் பாருப்பா.”

ஜூன் 12, வியாழன்.

வெற்றி! வெற்றி! போனேன், பேசினேன், வாங்கினேன். மின்னல் அவர்களே கதவைத் திறந்தார்கள். என் பேச்சில் சொக்கிப்போய் டீ, முறுக்கு. “உன்னை மாதிரி பையன் கபடிக்கு வந்தா பாடாமலே எதிராளி அவுட்டு” என்று பாராட்டு. இரண்டு கப் டீ. கடிதத்தில் பளிச்சென்று கையெழுத்து.

வீட்டில் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை முறுக்கு அதிரசம் ஆகிவிட்டது. அப்பா கவனிக்கவில்லை.

ஜூன் 14, சனி. தூறல்.

சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடினார் மேனேஜர். அப்பாவையே போடச் சொன்னார். ‘சைஸ்’ என்று எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறார் அப்பா. முழுப் பேர் வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம்: “கோ. ஏழுமலைன்னு முழுசா எழுதினேன். அந்த ஆபீஸ்ல என் பேரு இருக்கும் இல்ல?”

அம்மா: “குதிரைக்குக் கீழ இருக்கும்.”

அதற்கும் சிரித்தார்.

நான் சைக்கிளுக்குக் காற்றடிக்க வெளியே போனேன். காற்று ஏற்கெனவே இருந்தது.

ஜூன் 20, வெள்ளி.

லாயத்தில் பூஜை. குட்டிக்கு மாலை, கழுத்தில் ‘மின்னல் மரகதம்’ அட்டை. குட்டி அட்டையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. முதலாளி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். அப்பா படத்தில் இருக்கிறார், கை மட்டும். கயிறு பிடித்த கை.

ஜூன் 22, ஞாயிறு. நல்ல வெயில்.

ஸ்டேட்டஸ் போட்டோ ஊர் சுற்றி, அவரே வந்துவிட்டார். மின்னல். ஸ்கூட்டியில். இறங்கும்போது இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் கொள்ளு மூட்டைக்குப் பின்னால்.

கத்தவில்லை. கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“இது என் கையெழுத்து இல்லிங்க. என்கிட்ட யாரும் வந்து கேக்கவும் இல்ல.”

மேனேஜர்: “மேடம், உங்களுக்குப் பெருமைதானே…”

“இன்னா பெருமை? குதிரை தோத்தா பணம் கட்டினவன் யாரைத் திட்டுவான், குதிரையையா? மரகதம் கால் வெளங்காம போச்சுன்னுவான். ஜெயிச்சப்ப கைத்தட்ட ஊரே வந்துச்சு. முட்டி போனப்ப ஒருத்தன் வரல. எனக்கு மிச்சம் இந்தப் பேரு ஒண்ணுதான் கீது. அதையும் கேக்காம எடுத்துப்பீங்களா?”

கடிதத்தின் அடியில் விரலை வைத்தார். 

“சாட்சி கோ. ஏழுமலைன்னு போட்டிருக்கு. யாருங்க ஏழுமலை?”

கையெழுத்து வாங்கிய மேனேஜருக்கே நினைவில்லை, பக்கத்திலிருந்த சைஸைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் ஒன்றாக லத்தி அள்ளியவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“நான்தாம்மா.”

“இதை எழுதினது யாரு?”

அப்பா கொள்ளு மூட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாததில்தான் தெரிந்தது, நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்று.

“அதுவும் நான்தாம்மா. மன்னிச்சிடுங்க.”

மேனேஜர்: “நாளையிலேர்ந்து வராத சைஸு.”

அப்போதும் சைஸு.

ஜூன் 25, புதன்.

பேர் ரத்து. மறுபடி ‘அதோட குட்டி’. புது சைஸ் கட்டினால் உதைக்கிறதாம்.

அப்பா இரண்டு கம்பெனி கேட் ஏறி இறங்கினார், செக்யூரிட்டி வேலைக்கு. ஒரு இடத்தில் வயசு அதிகம். இன்னொரு இடத்தில் முன் அனுபவம் கேட்டார்கள். “குதிரை” என்றாராம். விண்ணப்பத்தை வாங்கியவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். அதை அப்பாவே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சேர்ந்து சிரிக்கவில்லை. எந்த ஜோக்குக்கும் சிரிக்கிறவன் நான்.

ஜூன் 28, சனி. மேகம், மழை இல்லை.

சாப்பிடும்போது அப்பா நிமிராமலே கேட்டார்:

“அந்தம்மா டீ குடுத்தாங்கன்னியே. எதுல குடுத்தாங்க?”

“சில்வர் டம்ளர்ல.”

“ம்.”

அவ்வளவுதான். மோர் ஊற்றிக்கொண்டார்.

திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். நான் உண்மையைச் சொல்ல ஒரு கதவைத் திறந்து வைத்தார். நான் அதிலும் ஒரு டம்ளரை வைத்துவிட்டேன்.

யாரும் படிக்காத நோட்டு இது. இதிலேயே பொய் எழுதி வைத்திருக்கிறேன், வெற்றி வெற்றி என்று. எழுதிவிடுகிறேன். டீ இல்லை. முறுக்கு இல்லை. பாராட்டு நானே சைக்கிளில் திரும்பி வரும்போது தயாரித்தது. மின்னல் மரகதம் வாசலில் கோலம் அழிந்திருந்த இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “யாரு தம்பி, இன்னா வேணும்?” என்றார். ஊரையே வாயால் ஓட்டுகிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. “அட்ரஸ் மாறிப்போச்சுக்கா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் போட்டேன் கையெழுத்தை.

கேட்க வெட்கம், அவ்வளவுதான்.