பத்து கிலோ குறைத்தால் டிக்கெட்

மல்லசமுத்திரம்
11.2.2024

அன்பு மகள் சௌந்தர்யாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் நீ பேசுவது என் காதில் ஏறுவதில்லை, அதனால் இனிக் கடிதம்தான். மாசமாக இருப்பவள் வேளைக்குச் சாப்பிடு. ஆவணியில் நான் புனாவுக்கு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி விடுவேன், கவலைப்படாதே.

இங்கே மருத்துவ முகாமில் எடை அறுபது கிலோ என்றார்கள். உயரம் நூற்று நாற்பத்தைந்தாம். உன் கல்யாணத்தின்போது நூற்று ஐம்பத்திரண்டு இருந்தேன். அந்த நர்சுப் பெண்ணுக்கு அளக்கவே தெரியவில்லை.

அம்மா,
வசந்தாமணி

புனே
20.2.2024

என் குண்டு அம்மாவுக்கு,

கணக்குப் போட்டேன். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. உனக்கு இருபத்தெட்டரை! இருபத்தைந்தைத் தாண்டக் கூடாதாம். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. முட்டி தாங்குமா? பத்து கிலோ குறை, டிக்கெட் போடுகிறேன். செல்ல மிரட்டல்தான், ஆனால் விளையாட்டில்லை.

சௌந்தர்யா

மல்லசமுத்திரம்
23.6.2024

அன்பு மகளுக்கு,

நம் பண்ணையில் தீவன மூட்டை போடும் தராசில் ஏறி நின்றேன். ஐம்பத்தொன்று! முட்டை, பால், ராச்சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கோழிப்பண்ணைக்காரி முட்டை தின்பதில்லை என்று உன் அண்ணன் சிரிக்கிறான். பக்கத்து வீட்டுச் செல்லாயி, "ஏனுங்கக்கா, சக்கர கிக்கர வந்துருச்சுங்களா?" என்கிறாள். பொறாமை. உட்கார்ந்தால் எழக் கையூன்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் ஒரு கிலோ. டிக்கெட்டைப் போடு.

அம்மா

புனே
1.7.2024

அம்மா, நீ கெட்டிக்காரி! ஆகஸ்ட் பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். தளர்ந்துவிடாதே, அந்த ஒரு கிலோவையும் முடி.

உன் சௌந்தர்யா

மல்லசமுத்திரம்
28.7.2024

சௌந்தர்யாவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோணலாக இருக்கும். போன வாரம் பண்ணையில் முட்டை அடுக்கிய அட்டை இரண்டை எடுக்கக் குனிந்தேன். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது.

டாக்டர் என் பழைய உயரத்தையும் கேட்டார். "நீங்க குண்டாகலைங்கம்மா, குள்ளமாயிட்டீங்க. எலும்பு தேஞ்சு முதுகு எறங்கிருச்சுங்க. அதான் கணக்கு ஏறிப்போச்சு. உங்க வயசுக்கு அந்த அறுபதே நல்ல எடைங்க. பட்டினி கெடந்து சதையும் போச்சு, இருந்த எலும்பும் போச்சு," என்றார்.

எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். உன்மேல் பாதி, என்மேல் பாதி. ராத்திரி பசியில் படுக்கும்போதெல்லாம் உன் பிள்ளையின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. உன் மாமியாரை வரச் சொல். பிள்ளை பிறந்து கழுத்து நின்றதும் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வை. தூக்கிக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதே, சாமி.

அம்மா